ஒன்பது நாள் கடிதம்

மடத்து வாசல் மணியை யார் அடித்தாலும், கதவைத் திறக்கும் முன்பே இன்ன ஆள், இன்ன காரியம் என்று சொல்லிவிடுவார் கதவு சிஸ்டர். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு வருகிறவர்கள் ஒரே ஒரு தரம் மெல்ல அழுத்திவிட்டு, அழுத்தியதே தப்போ என்று இரண்டடி தள்ளி நிற்பார்கள். சண்டைக்கு வருகிறவர்கள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே மாட்டார்கள். தபால்காரர் என்றால் இரண்டு தட்டு. கேஸ் சிலிண்டர்காரர் என்றால் காலால் ஓர் உதை. வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பி வந்த பெண் மணியே அடிக்கமாட்டாள், சும்மா நிற்பாள். அந்தச் சும்மா நிற்பதும் தனக்குக் கேட்கும் என்பார் கதவு சிஸ்டர். மடத்தில் மற்றவர்கள் அதில் பாதியை நம்பினார்கள்.

வயது அறுபத்தெட்டு. குள்ளம், கொஞ்சம் அகலம். கண்ணாடி கீழே விழாமல் இருக்கக் கழுத்தில் ஒரு நூல், இடுப்பில் சாவிக்கொத்து, இடது முட்டியில் தீராத வலி. நாக்கில் மட்டும் எந்த வலியும் கிடையாது. 'கதவு சிஸ்டர்' என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எந்தக் காலத்திலோ வைத்த பெயர். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டுப் பழகி, கடைசியில் மடமே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. துறவறப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே, யாரைக் கேட்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய ராஜ்ஜியம் வாசலை ஒட்டிய முன்னறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு, சுவரில் கடிகாரம். எதிர் மூலையில் மரப்பீடத்தின் மேல் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சூசையப்பர் சுரூபம். வலது கையில் ஒரு விரல் உடைந்திருக்கும். வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்தால், இயேசுவை வளர்த்த தகப்பனான இந்தச் சூசையப்பர் ஒரு வார்த்தை பேசியதாக எங்கேயும் இல்லை. கதவு சிஸ்டருக்கோ பேசாமல் இருக்க முடியாது. ஜாடிக்கேற்ற மூடி. நாற்பத்தெட்டு வருடமாக அவர் பேச, இவர் கேட்டுக்கொண்டு நின்றார். காலையில் துணியால் துடைக்கும்போதே பேச்சு ஆரம்பமாகிவிடும்.

"நேத்து வந்தவன் முழியே சரியில்ல. நீங்க பாத்தீங்கல்ல? பாத்துட்டுப் பேசாமத்தானே நின்னீங்க."

அந்த வருடம் மடத்துக்கு எழுபத்தைந்தாம் ஆண்டு. மடத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுவது என்று முடிவாகி, எழுதும் பொறுப்பு ஹெச்.எம். சிஸ்டரிடம் வந்தது. முப்பது வருடம் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு பெற்றாலும் கையில் சாக்பீஸ் இருக்கிற மாதிரியேதான் பேசுவார். சாப்பாட்டு மேஜையில் யாராவது தட்டைத் தவறான பக்கம் தள்ளினால் அவர் ஒருமுறை பார்ப்பார், தட்டு தானாகத் திரும்பி வரும்.

வரலாறு என்னவோ நல்ல வரலாறுதான். மூன்று சிஸ்டர்கள் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு தையல் மிஷின், இந்தச் சூசையப்பர், இவ்வளவு சொத்தோடு லாரியில் வந்து இறங்கினார்கள். விரல் உடைந்தது அந்த லாரியில்தான். அப்போது நகரத்துப் பஸ் இரண்டு மைல் முன்னாலேயே திரும்பிவிடும். அதற்கு இந்தப் பக்கம் புல்லும் பள்ளமும் ஒரு செங்கல் சூளையும்தான். வாடகைக்கு வீடு கொடுத்தவர், கன்னியாஸ்திரீகள் என்றால் சத்தமே இருக்காது என்று நம்பிக் கொடுத்தார் பாவம். மூன்றாவது வாரம் முன்னறையில் நாற்பது பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்க ஆரம்பித்தார்கள். மனிதர் வந்து கத்தினார். மறுவருடம் தன் பேத்தியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அதே முன்னறையில் விட்டுவிட்டுப் போனார். பிறகு தையல் வகுப்பு, மருந்து கொடுக்கும் அறை, மாடிக்கு மேல் மாடி. பஸ் நீண்டு மடத்து வாசலுக்கே வந்தது. சூளை இருந்த இடத்தில் வரிசை வீடுகள், வரிசை வீடுகளை இடித்து அடுக்குமாடிகள். ஒரு காலத்தில் இருபத்திரண்டு சிஸ்டர்கள் இருந்த மடத்தில் இப்போது எட்டுப் பேர். எட்டில் ஆறு பேருக்கு முட்டி வலி.

இதையெல்லாம் எழுத ஹெச்.எம். சிஸ்டர் நோட்டோடு முன்னறைக்குத்தான் வரவேண்டியிருந்தது. ஏனென்றால் பழைய விஷயமெல்லாம் கதவு சிஸ்டர் தலைக்குள் இருந்தது. ஆனால் அங்கே அது வருடவாரியாக அடுக்கி வைக்கப்படவில்லை.

"வெள்ளம் வந்து இருநூறு பேர் வகுப்பறையில தங்கினாங்கன்னு சொன்னீங்களே, அது எந்த வருஷம்?"

"எதிர்க் கடை ரொட்டிக்காரர் மீசையை எடுத்த வருஷம்."

"சிஸ்டர், நான் புத்தகம் எழுதுறேன். மீசையை எப்படி எழுதுறது?"

"அப்ப எழுதாதீங்க. அவருக்கும் மீசை இல்லாம நல்லாவே இல்ல."

ஹெச்.எம். சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, 'வெள்ளம், வருடம் விசாரிக்க' என்று குறித்துக்கொள்வார். தட்டச்சு செய்து வந்த முதல் பிரதியில் கதவு சிஸ்டரைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. 'வாசல் பணியை ஒரு சகோதரி கவனித்து வருகிறார்.' கதவு சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, "பரவால்லயே, பூட்டைப் பத்திக்கூட ரெண்டு வரி இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று மதியம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் கதவுக்காக மடத்துக்கு வந்தவர் இல்லை. அதைச் சொல்ல வேண்டும்.

அப்பா ஒன்றரை வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்து போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. அந்த ஒன்றரை வருடமும் அப்பாவைப் புரட்டிப் போட்டுத் துடைத்து ஊட்டியது அவர்தான். செய்யச் செய்ய அந்த வேலையில் ஓர் ஆசை விழுந்துவிட்டது. சபைக்குச் சொந்தமாக வடக்கே ஓர் ஆஸ்பத்திரி உண்டு, அங்கே சிஸ்டர்களுக்கு நர்ஸ் பயிற்சி உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் இருபது வயதில் வந்து மணி அடித்தார். கதவைத் திறந்தது மடத்துத் தலைவியான அப்போதைய மதர். நல்ல கனத்த உடம்பு, பூப்போல குரல்.

"பயிற்சிக்கு இடம் கிடைக்கிற வரைக்கும் கதவைப் பாத்துக்கோம்மா" என்றார் மதர். அதற்குள் துறவற வார்த்தைப்பாடு கொடுத்து, வெள்ளை உடுப்பும் வாங்கி, நாலு வருடம் ஓடிவிட்டது. இருபத்து நாலு வயதிலும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மதருக்கு ஒரு பழக்கம். மேலிடத்திலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் உடனே பிரிக்கமாட்டார். ஒன்பது நாள் அதற்காக ஜெபித்துவிட்டுத்தான் உறையைக் கிழிப்பார். நல்லதோ கெட்டதோ, சண்டை போடாமல் ஏற்றுக்கொள்ள மனசைத் தயார் பண்ணவேண்டாமா என்பார். கடிதத்தை அந்த ஒன்பது நாளும் எங்கே வைப்பார் என்று யாருக்கும் தெரியாது. மேஜை டிராயரில் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மே மாதம் ஒருநாள் தபால்காரர் ஆஸ்பத்திரி முத்திரை போட்ட உறை ஒன்றைக் கொடுத்தார். வாங்கியது கதவு சிஸ்டர்தான். ஓட்டமாக மதரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். ஆறாவது நாள் காலையில் மதர் கோயிலுக்குப் போகும் வழியில் விழுந்தார். வலது பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டது. பேச்சு போய்விட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது அவர் விஷயத்தில் அப்படியே நடந்தது.

பொறுப்புக்கு வந்த புது மதர் டிராயரைத் திறந்து இருந்த கடிதங்களையெல்லாம் படித்துப் பதில் போட்டார். கதவு சிஸ்டரைக் கூப்பிட்டு எதுவும் சொல்லவில்லை. கேட்டிருக்கலாமே என்று நாம் சொல்வோம். அந்தக் காலத்தில் அந்த மடத்தில், தனக்காக எதையும் கேட்காதே, கொடுத்ததை மறுக்காதே என்று பாடம். கதவு சிஸ்டர் கேட்கவில்லை. உறையில் இருந்தது வேறு ஏதோ விஷயம், தன்னைப் பற்றி யாரும் நினைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொண்டது நெஞ்சுக்குள் எங்கேயோ உட்கார்ந்துவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு மார்ச் மாதமும் சூசையப்பருக்கு ஒன்பது நாள் நவநாள் செய்து, எனக்கு ஒரு கடிதம் வரவையுங்கள் என்று வேண்டினார். பத்து வருடம் வேண்டினார். பிறகு வேண்டுதலை மாற்றி, முட்டி வலி போகவேண்டும் என்று ஆக்கிக்கொண்டார். அதுவும் நடக்கவில்லை.

விழுந்த மதரை முன்னறையை ஒட்டிய சின்ன அறையில் படுக்கவைத்தார்கள். பார்த்துக்கொண்டது கதவு சிஸ்டர். மணி அடித்தால் கதவு, இல்லாவிட்டால் மதர். மதருக்கு இடது கை மட்டும்தான் அசையும். சாயங்காலம் ஆனால் அந்தக் கையைத் தூக்கி முன்னறைப் பக்கமாகக் காட்டுவார். காட்டிக்கொண்டே இருப்பார்.

"வாசலுக்கு யார் யார் வந்தாங்கன்னு கேக்குறாங்க. பாவம், படுத்தும் மடத்து நினைப்புதான்" என்றார்கள் எல்லோரும்.

அதனால் கதவு சிஸ்டர் தினமும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு வந்தவர்களைப் பற்றி ஒருவர் விடாமல் சொல்லுவார். மதர் கேட்கிறார் என்பதற்காகவே வருகிறவர்களைக் கூர்ந்து பார்க்கப் பழகினார். மணி அடிக்கிற விதம், செருப்பைக் கழற்றுகிற விதம், எல்லாம். சொல்லி முடிக்கும்போது மதரின் கண்ணில் தண்ணீர் வழியும். நாம் நன்றாகக் கதை சொல்கிறோம் போலிருக்கிறது என்று அவருக்கு ஒரு சின்னப் பெருமைகூட உண்டு. இப்படிப் பதினோரு மாதம். பிறகு மதர் போய்விட்டார். கதவு மட்டும் மிச்சம்.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது சூசையப்பருக்கு வண்ணம் பூச பெயிண்டர் வந்தார். சுரூபம் நல்ல கனம். பீடத்தைச் சுத்தம் பண்ணவேண்டும் என்று எதிர்க் கடை ரொட்டிக்காரரையும் துணைக்குக் கூப்பிட்டு, இருவருமாகச் சூசையப்பரைத் தூக்கிக் கீழே வைத்தார்கள்.

"சிஸ்டர்மா, இங்க பாருங்க" என்று நோட்டோடு நின்ற ஹெச்.எம். சிஸ்டரைக் கூப்பிட்டார் பெயிண்டர். பீடத்தின் நடுவில் மஞ்சளேறிய ஓர் உறை, முத்திரை மங்கிப்போய், ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. கூட்டில் இருக்கிற முட்டையை எடுப்பதுபோல ஹெச்.எம். சிஸ்டர் அதை எடுத்துக்கொண்டார். கதவு சிஸ்டர் அப்போது வாசலில் குப்பை வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் அந்த உறையைப் பார்க்கவில்லை.

ஹெச்.எம். சிஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆரம்பகாலத்து ஆவணம், ஸ்தாபக மதர் கையெழுத்தாகவே இருக்கலாம். அன்று மதியச் சாப்பாட்டின்போது எழுந்து நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "எல்லாரும் கவனிங்க, நம்ம வரலாற்றுக்கு ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு" என்று சொல்லிக் கத்தியால் உறையைக் கிழித்தார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அது இந்த இடத்தில்தான். முதலில் தான் படித்துப் பார்த்துவிட்டுப் பிறகு வாசிக்கவேண்டும் என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர், அதைச் செய்யவில்லை.

"அன்புள்ள மதர், உங்கள் மடத்து வாசலில் இருக்கும் இளம் சகோதரியைப் பற்றி நீங்கள் மூன்று முறை எழுதிவிட்டீர்கள். நோயாளியைத் தொடத் தெரிந்த கை என்று எழுதியிருந்தீர்கள். ஜூன் முதல் தேதி தொடங்கும் நர்ஸ் பயிற்சியில் அவருக்கு ஓர் இடம் வைத்திருக்கிறோம்..."

இந்த இடத்தில் அவர் குரல் இறங்கியது. ஆனால் நிறுத்தத் தெரியவில்லை.

"முதல் தேதிக்குள் வராவிட்டால், உங்கள் மடத்தால் அவரை விடமுடியவில்லை என்று புரிந்துகொண்டு, பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம். பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம்."

மேஜை முனையில் இருந்த இப்போதைய மதர், ஐம்பது வயதுக்காரர், எழுந்து வந்து கதவு சிஸ்டரின் தோளில் கை வைத்தார்.

"எங்க இருந்துச்சு இது?" என்று கேட்டார் கதவு சிஸ்டர்.

"சூசையப்பர் காலுக்கு அடியில."

கதவு சிஸ்டர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு முன்னறைக்குப் போனார். அந்தக் கனத்த மதர் விடியற்காலையில், மற்றவர்கள் எல்லோரும் கோயிலில் இருக்கும் நேரத்தில், தோளால் சுரூபத்தைச் சாய்த்துக் கடிதத்தை அடியில் வைத்திருக்கவேண்டும். ஒன்பது நாள் கழித்து அதே மாதிரி எடுத்திருக்கவேண்டும். இந்த ஒரு கடிதத்தை எடுக்கத்தான் ஆள் இல்லாமல் போய்விட்டது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, அந்த உறைக்கு ஆறடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கடிதம் வரவையுங்கள் என்று அந்தச் சூசையப்பரிடமே பத்து வருடம் கேட்டிருக்கிறார். தினம் காலையில் அவர் பாதத்தைத் துடைத்திருக்கிறார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே எல்லாம் தலைகீழ். பூசாரி கொடுத்த வரத்தைச் சாமி மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

சாயங்காலம் வண்ணம் பூசி முடித்துச் சுரூபத்தைப் பீடத்தில் ஏற்றும்போது, "செவுத்தைப் பாத்து வைங்க தம்பி" என்றார் கதவு சிஸ்டர்.

"காயறதுக்கா சிஸ்டர்மா?"

"ஆமா. காயட்டும்."

வண்ணம் ஒரே நாளில் காய்ந்தது. ஒரு வாரமாகியும் சூசையப்பர் சுவரைப் பார்த்தபடியே நின்றார். வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று இருந்தார்கள். இப்போதைய மதரும் பார்த்துவிட்டுப் போனார். முதுகு காட்டியது பெரிய விஷயம் இல்லை. கதவு சிஸ்டர் பேச்சை நிறுத்தியதுதான் மடத்துக்குத் தாங்கவில்லை. மணி அடித்தால் திறந்தார், ஆளைக் கூட்டிப்போனார், வந்து உட்கார்ந்தார். ரொட்டிக்காரர் தானாகவே வந்து, "மீசை திரும்ப வைக்கலாம்னு இருக்கேன் சிஸ்டர்" என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். "வைங்க" என்றார், அவ்வளவுதான். ஹெச்.எம். சிஸ்டர் தன் கையாலேயே டீ போட்டுக் கொண்டுவந்தார். தலைமையாசிரியை டீ போட்டு அந்த மடத்தில் யாரும் பார்த்ததில்லை.

"நான் அப்படி வாசிச்சிருக்கக்கூடாது சிஸ்டர்."

"நீங்க வாசிக்கலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரிஞ்சது நல்லதா, கெட்டதா?"

"தெரியல" என்றார் கதவு சிஸ்டர். டீயில் சர்க்கரை போட மறந்திருந்ததையும் சொல்லவில்லை.

நாற்பத்து நாலு வருடம் தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தேனா என்பதுதான் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வேறெங்கோ தனக்கென்று போட்ட நாற்காலி காலியாகி, யாரோ உட்கார்ந்து, அதுவும் முடிந்துபோயிற்று. அந்தப் பழைய மதர் மேலேயும் கோபம் வந்தது. மூன்று முறை எழுதத் தெரிந்தவருக்கு ஒருமுறை என்னிடம் சொல்லத் தோன்றவில்லையே என்று. இறந்துபோனவர் மேல் கோபப்படுகிறோமே என்று அழுகையும் வந்தது.

எட்டாம் நாள் சாயங்காலம் நர்ஸ் சிஸ்டர் தைலப் புட்டியும் உட்கார ஒரு ஸ்டூலுமாக வந்தார். வடக்கே இருந்த அதே ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வுபெற்று மூன்று வருடம் முன்புதான் இந்த மடத்துக்கு வந்தவர். கதவு சிஸ்டரைவிட இரண்டு வயது சின்னவர், தனியாக இருக்கும்போது அக்கா என்றுதான் கூப்பிடுவார். தினமும் முட்டிக்குத் தைலம் தேய்ப்பது அவர் வேலை. தேய்க்கிற முறை தப்பு என்று தினமும் சொல்வது கதவு சிஸ்டர் வேலை. அன்று தப்பு என்று சொல்லாததால் நர்ஸ் சிஸ்டரே ஆரம்பித்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அந்த வருஷம் ஜூன் ரெண்டாம் தேதி என்னைக் கூப்பிட்டாங்க. நான் அப்ப வேற மடத்துல தையல் டீச்சர். வரவேண்டிய ஒருத்தங்க வரல, நீ கிளம்புன்னாங்க."

கதவு சிஸ்டர் நிமிர்ந்தார். "அந்த அடுத்த ஆள் நீயா?"

"நானேதான். ரத்தத்தைப் பாத்தா மயக்கம் போட்டு விழற ஆளு நான். முதல் மாசம் பேஷண்டுகளைவிட என்னைத்தான் அதிகமா ஸ்ட்ரெச்சர்ல தூக்கினாங்க. வரவேண்டியவங்க எப்படியாவது வந்துரணும், நான் தையல் மிஷினுக்கே திரும்பிப் போயிரணும்னு ஆறு மாசம் நவநாள் செஞ்சேன்."

"யாருக்கு?"

நர்ஸ் சிஸ்டர் மூலையில் தெரிந்த முதுகைப் பார்த்தார். கதவு சிஸ்டரும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே விஷயத்தை இவர்கிட்டயே கேட்டிருக்கோம். கல்லு மாதிரி நின்னுருக்காரு."

"சிமெண்டுதானே அக்கா."

கதவு சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு, பாதியிலேயே அழுகையாகத் திரும்பியது. நர்ஸ் சிஸ்டர் தேய்ப்பதை நிறுத்தாமல், அழட்டும் என்று விட்டுவிட்டார். பிறகு கேட்டார்.

"அந்த மதரைப் பதினோரு மாசம் நீங்கதான் பாத்தீங்களாமே. முதுகுல புண்ணு எதுவும் வந்துச்சா?"

"புண்ணா? எதுக்கு வரும்? ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போட்டேன்ல."

"ராத்திரியும்?"

"ராத்திரிக்கு வேற உடம்பா அவங்களுக்கு?"

நர்ஸ் சிஸ்டர் தைலப் புட்டியை மூடி வைத்தார். "அக்கா, என் வார்டுல பன்னண்டு நர்ஸுங்க இருந்தோம். இழுத்துக்கிட்டுப் படுத்தவங்கள்ல பாதிப் பேருக்குப் புண்ணு வரும். எங்களால முடியல. இதை நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்லல" என்றார். கதவு சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் மாட்டிக்கொள்ளவில்லை.

"பேச்சு சுத்தமா இல்லையா அவங்களுக்கு?"

"இல்ல. இடது கையை மட்டும் தூக்கி வாசலைக் காட்டுவாங்க. யார் வந்தாங்கன்னு கேப்பாங்க. நான் சொல்லுவேன்."

"தினமுமா?"

"தினமும். கடைசி நாள்கூட."

"வாசலைத்தான் காட்டினாங்கன்னு எப்படித் தெரியும்?"

கதவு சிஸ்டர் தைலக் காலோடு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார்.

அந்த அறை இப்போது சாமான் அறை. அதே இரும்புக் கட்டில், அதே இடம். அதன் மேல் விழாவுக்கு வந்த அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கதவு சிஸ்டர் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். எதற்கு என்று கேட்காமல் நர்ஸ் சிஸ்டரும் இறக்கினார். பிறகு கதவு சிஸ்டர், பதினோரு மாதத்தில் ஒருநாள்கூடச் செய்யாத ஒன்றைச் செய்தார். அந்தக் கட்டிலில் மதர் தலை இருந்த பக்கம் தலை வைத்துப் படுத்தார்.

ஸ்டூல் போட்டு உட்காருகிற இடம் கால்மாட்டில். அங்கேயிருந்து திரும்பினால் வாசல்கதவு நேராகத் தெரியும். அதனால் மதருக்கும் வாசல்கதவு தெரியும் என்றே அவர் நினைத்திருந்தார். தலைமாட்டிலிருந்து பார்த்தால் வாசல்கதவு தெரியவே இல்லை. சுவர் மறைத்தது. திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் தெரிந்தது ஒரு மரப்பீடம், அதன் மேல் சுவரைப் பார்த்து நிற்கும் சூசையப்பர், அவ்வளவுதான்.

கதவு சிஸ்டர் இடது கையைத் தூக்கி நீட்டிப் பார்த்தார். விரல் சூசையப்பர் பாதத்துக்குப் போய் நின்றது.

பதினோரு மாதமும் அந்த அம்மாள் வாசலைக் கேட்கவில்லை. உனக்குக் கடிதம் வந்திருக்கிறது, போய் எடு, எடு என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். இந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து, பால்காரர் வந்தார், தபால்காரர் வந்தார் என்று கதை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் அழுதது கதைக்காக இல்லை. தன்னைப் பற்றி யாருமே நினைக்கவில்லை என்று நாற்பத்து நாலு வருடம் நெஞ்சில் வைத்திருந்தாரே கதவு சிஸ்டர், அவரைப் பற்றி ஒருவர் சாகும் நாள்வரை, அசைகிற ஒரே கையால், வேறு எதையுமே சொல்லாமல் அதை மட்டுமே சொல்லியிருக்கிறார்.

கதவு சிஸ்டர் கட்டிலில் படுத்தபடியே வாய்விட்டு அழுதார். நர்ஸ் சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, பழக்கம் விடாமல், நாடியைப் பிடித்துக்கொண்டார்.

அழுது முடித்து எழுந்த கதவு சிஸ்டர் முன்னறைக்குப் போய்ச் சூசையப்பர் பக்கத்தில் நின்றார். நாற்பத்தெட்டு வருடத்தில் அவருக்கும் மதர் அளவுக்கு உடம்பு வந்திருந்தது. தோளைக் கொடுத்துச் சுரூபத்தைச் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். நர்ஸ் சிஸ்டர் பீடத்தைப் பிடித்துக்கொண்டார். புதுப் பழுப்பு வண்ணம் பூசிய முகம் அறையைப் பார்த்தது. "இனிமே அடியில எதையும் வச்சுக்காதீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, முன்னறையிலிருந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சாமான் அறைக்குத் திரும்பினார்.

இருட்டத் தொடங்கியிருந்தது. சத்தம் கேட்டு நோட்டும் கையுமாக இறங்கிவந்த ஹெச்.எம். சிஸ்டர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே கதவு சிஸ்டர் கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு, காலிக் கட்டிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"மதர், லெட்டர் வந்து சேந்துருச்சு" என்றார்.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இன்னைக்கு மொதல்ல வந்தது பால்காரர். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. ரெண்டாவதா வந்த பொண்ணு மணியே அடிக்கல, மதர்" என்று ஆரம்பித்தார். ஹெச்.எம். சிஸ்டர் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். எந்த வருஷம் என்று கேட்கவில்லை.